ஜாவா பயன்பாட்டுச் சேவையகத்தில் சேவைச் சார்புகள்

ஒரு சேவை தொடங்க வேண்டுமானால் அதற்கு முன் வேறொரு சேவை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையே சேவைச் சார்பு ஆகும். வைல்ட்ஃபிளை, வெப்லாஜிக், கிளாஸ்ஃபிஷ் போன்ற ஜாவா பயன்பாட்டுச் சேவையகங்களில் ஒரு மென்பொருளை நிறுவும்போது (டிப்ளாய்மென்ட்) இத்தகைய சார்புகள் பல எழுகின்றன. நிறுவல் தோல்வியடைவதற்கான பொதுவான காரணங்களுள் நிறைவேறாத சார்பும் ஒன்று.

எடுத்துக்காட்டு

பள்ளி ஒன்றின் மதிப்பெண் பட்டியலைக் காட்டும் மென்பொருளைக் கொள்வோம். மாணவர் காண்பது ஓர் இணையப் பக்கம். அப்பக்கம் மதிப்பெண்ணைக் கணக்கிடும் ஈஜேபி கூறினைச் சார்ந்தது. அக்கூறு டேட்டா சோர்ஸ் எனப்படும் தரவுத்தள இணைப்பைச் சார்ந்தது. டேட்டா சோர்ஸ் தரவுத்தளத்துக்குரிய டிரைவரைச் சார்ந்தது. டிரைவர் நிறுவப்படவில்லை எனில் மேலுள்ள மூன்றும் தொடங்கா. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பக்கம் திறக்காவிட்டால், குறை பக்கத்தில்தான் இருக்கும் என்று கருத இடமில்லை.

சேரன்மகாதேவி வட்டாரத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். கடைமடை வயல் காய்ந்தால், குறை அந்த வயலில் இருப்பதில்லை. மேலே எங்கோ அடைபட்ட மடையில் இருக்கும்.

வரிசை எண்ணும் சார்பு அறிவிப்பும்

நிறுவல் வரிசையை ஒழுங்குபடுத்த இரு அணுகுமுறைகள் உள்ளன.

முதலாவது, வரிசை எண் தருதல். வெப்லாஜிக் சேவையகத்தில் ஒவ்வொரு நிறுவலுக்கும் ஓர் எண் உண்டு. எதுவும் குறிப்பிடாவிட்டால் அது 100 ஆகும். சிறிய எண் கொண்டது முதலில் தொடங்கும். இம்முறை எளியது. ஆனால் எது முன், எது பின் என்பதை மட்டுமே எண் கூறும். ஏன் என்பதைக் கூறாது. முன்னது தோல்வியுற்றால் பின்னதை என்ன செய்வது என்பதும் எண்ணிலிருந்து தெரியாது.

இரண்டாவது, சார்பை அறிவித்தல். 2011-இல் வெளிவந்த ஜேபாஸ் ஏஎஸ் 7, மாடுலர் சர்வீஸ் கன்டெய்னர் என்னும் அடித்தளத்தின் மீது அமைக்கப்பட்டது. 2014-இல் வைல்ட்ஃபிளை 8 எனப் பெயர் மாறி வந்த பதிப்பும் அதே அடித்தளத்தைக் கொண்டது. இதில் ஒவ்வொரு சேவையும் தான் எவற்றைச் சார்ந்துள்ளது என்பதைப் பதிவு செய்கிறது. வரிசையைக் கன்டெய்னரே கண்டறிகிறது. ஒன்றையொன்று சாராத சேவைகள் ஒரே நேரத்தில் தொடங்குவதால் சேவையகம் விரைவாக இயங்கத் தொடங்குகிறது. நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும்: சார்ந்திருப்பவை முதலில் நின்ற பின்பே, சார்ந்திருக்கப்படுவது நிற்கும்.

சேவையின் தொடக்க முறைகள்

கன்டெய்னரில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு தொடக்க முறை உண்டு. அவற்றுள் முதன்மையானவை:

ஆக்டிவ்: தான் சார்ந்துள்ள சேவைகளையும் தொடங்குமாறு கோரி, அவை தயாரானதும் தானும் தொடங்கும்.
பாசிவ்: சார்புகள் அனைத்தும் தாமாகவே தயாராக இருந்தால் தொடங்கும், எதையும் கோராது.
ஆன் டிமாண்ட்: வேறொரு சேவை கேட்டால் மட்டுமே தொடங்கும்.
நெவர்: தொடங்காது.

சார்பை அறிவிக்கும் வழிகள்

ஒரே மென்பொருளுக்குள் உள்ள சிங்கிள்டன் கூறுகளுக்கு, ஈஜேபி 3.1 (2009) அறிமுகப்படுத்திய டிபெண்ட்ஸ்ஆன் குறிப்பைப் பயன்படுத்தலாம். ஒரு இயர் கோப்பில் பல தொகுதிகள் இருந்தால், அப்ளிகேஷன் எக்ஸ்எம்எல் கோப்பில் இனிஷியலைஸ்-இன்-ஆர்டர் என்பதற்கு ‘ட்ரூ’ எனக் கொடுத்தால், எழுதப்பட்ட வரிசையிலேயே அவை தொடங்கும். தனித்தனியே நிறுவப்படும் இரு மென்பொருள்களுக்கிடையே சார்பு இருப்பின், வைல்ட்ஃபிளையில் ஜேபாஸ்-ஆல் எக்ஸ்எம்எல் கோப்பில் மற்றதன் பெயரைக் குறிப்பிடலாம்.

பிழை அறிக்கையைப் படிக்கும் முறை

சார்பு நிறைவேறாதபோது வைல்ட்ஃபிளை நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிடும். புதியவர்கள் அதன் நீளத்தைக் கண்டு அஞ்சி, மென்பொருளையே மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்ப்பதுண்டு. அதனால் பயனில்லை.

0180 என முடியும் பிழைக்குறியின் கீழ், காத்திருக்கும் சேவையின் பெயரும், அதற்குக் கிடைக்காத சேவையின் பெயர் சதுர அடைப்புக்குறிக்குள்ளும் தரப்படும். 0412 என முடியும் குறி, தேவைப்பட்டும் நிறுவப்படவே இல்லாத சேவைகளைக் கூறும். நூறு சேவைகள் காத்திருந்தாலும் இல்லாத சேவை ஒன்றே ஒன்றாக இருக்கலாம். பல வரிகளில் திரும்பத் திரும்ப வரும் பெயரைக் கண்டு, அதையே முதலில் சரிசெய்ய வேண்டும். எழுத்துப் பிழையான டேட்டா சோர்ஸ் பெயர், விடுபட்ட டிரைவர் ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

சேவையகம் தொடங்கிவிட்டது என்ற செய்தியை மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது. ‘பிழைகளுடன் தொடங்கியது’ என்ற பொருள்படும் சொற்கள் அதே வரியில் இருக்கக்கூடும்.

வரம்புகள்

இரு சேவைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் அது சுழற்சிச் சார்பு எனப்படும். எதை முதலில் தொடங்குவது என்பதற்கு விடை இல்லாததால் கன்டெய்னர் அதை ஏற்பதில்லை. பொதுவான பகுதியை மூன்றாவது சேவையாகப் பிரித்து, இரண்டும் அதைச் சார்ந்திருக்கச் செய்வது வழக்கமான தீர்வு.

மேலும், கன்டெய்னர் தன்னுள் இருக்கும் சேவைகளை மட்டுமே அறியும். டேட்டா சோர்ஸ் தொடங்கிவிட்டது என்றால், வேறு கணினியில் உள்ள தரவுத்தளமும் இயங்குகிறது என்று பொருளன்று. இணைப்பைத் தனியே சோதித்துப் பார்ப்பதும், தரவுத்தளம் கிடைக்காதபோது சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முயலுமாறு நிரலை எழுதுவதும் நிரலாளரின் பொறுப்பாகும்.