இணைப்பும் இசைவும்: புதுச்சேரி தரும் பாடம்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கோ, சிதம்பரம் வழியாகக் காரைக்காலுக்கோ செல்லும் நம் மக்களுக்கு எல்லை கடந்த உணர்வே தோன்றுவதில்லை. மொழி ஒன்று, கொள்வினை கொடுப்பினை இரு பக்கமும் உண்டு. ஆயினும் அந்த எல்லையை அழிக்க முயன்றபோது 1979இல் இரத்தம் சிந்தப்பட்டது. உறவினர் வீட்டோடு ஒன்றாகிவிட ஒரு சிறு மக்கள் ஏன் மறுத்தனர்?

18.10.1954 அன்று கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. 1956 மே 28இல் இந்தியாவும் பிரான்சும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் விதி நம் கவனத்திற்குரியது. இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் அரசியலமைப்பு மாற்றம் எதைச் செய்வதாயினும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே செய்ய வேண்டும் என்கிறது அது. ஃபிக்ஹு மாணவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர்: ஈஜாப் ஒருபுறமிருந்து வந்துவிட்டாலே ஒப்பந்தம் ஆகிவிடாது, கபூல் வேண்டும். இங்கே அந்தக் கபூல் எழுத்திலேயே ஷர்த்தாக வைக்கப்பட்டிருந்தது.

1963 ஜூலை 1 முதல் முப்பது உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் அமைந்தது. பிரெஞ்சு ஆட்சியின் எச்சங்கள் சட்டத்திலும் நீடித்தன. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம்கூட அங்கு 1968இல்தான் விரிவாக்கப்பட்டது. அதுவும் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுத் தம் சொந்தச் சட்டத்தைத் துறந்த ‘ரெனோன்சான்’கள் நீங்கலாக. இத்தகைய நுணுக்கங்களை ஒரே கையெழுத்தில் கரைத்துவிட முடியாது.

1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் இணைப்பை முன்மொழிந்தார். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுடன், மாஹி கேரளத்துடன், ஏனாம் ஆந்திரத்துடன் என்பதே திட்டம். அப்போது புதுச்சேரியில் சட்டமன்றமே இல்லை. 1978 நவம்பர் முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கேட்கப்பட வேண்டியவர்களின் வாய் அடைக்கப்பட்டிருந்த வேளையில் கேள்வி எழுந்தது! கடையடைப்பு, ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி எனக் கிளர்ச்சி பரவியது; திட்டம் கைவிடப்பட்டது. 1977இல் 14 இடங்களை வென்றிருந்த அ.தி.மு.க., 1980 தேர்தலில் ஓரிடமும் பெறவில்லை. இணைப்பு விவகாரமே அதற்கு முதற்காரணம் எனக் கருதுவோர் பலர்.

மதுவின் விலை குறைவென்பதால்தான் அம்மக்கள் தனித்திருக்க விரும்பினர் என்று நம் பக்கத்தில் ஏளனமாகச் சொல்வதுண்டு. அது அநீதியான பேச்சு. பெரிய மாநிலத்தில் ஒரு மாவட்டமாகச் சுருங்கினால் அமைச்சரும் தலைமைச் செயலகமும் கைக்கெட்டாத தொலைவுக்குப் போய்விடும். வேலைவாய்ப்பும் கல்லூரி இடமும் பெருங்கூட்டத்தில் பங்கு போடப்படும். இவ்வச்சம் நியாயமானதே.

மக்கள் விருப்பத்தைக் கேட்பதிலும் வேளை உண்டு. சிக்கிமில் 1975 ஏப்ரல் 9இல் அரண்மனைக் காவலரின் ஆயுதங்களை இந்தியப் படை பறித்தது. ஐந்தாம் நாளே பொதுவாக்கெடுப்பு. இணைப்புக்குப் பெருவாரியான ஆதரவு கிடைத்ததாயினும், வாக்கெடுப்பு நடந்த சூழல் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

அண்டை மாநிலத்திடமிருந்து தப்பிய புதுச்சேரி, தில்லியிடமிருந்து தப்பியதா என்பது வேறு கேள்வி. மாநிலத் தகுதி கோரும் தீர்மானங்கள் பலமுறை நிறைவேறியும் பயனில்லை. சட்டமன்றத்திற்கு மூவரை மத்திய அரசே நியமிக்கலாம் என 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு வீழ்ந்தபோது, அந்த மூவருக்கும் வாக்குரிமை உண்டா என்பதே அவையின் வாதமாக இருந்தது.