இசைத்தட்டு தேயாமல் ஒலிப்பிக்கும் முறை

பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் பழைய இசைத்தட்டுகள் எஞ்சியிருப்பதுண்டு. அவற்றுள் சில, வேறு படி எங்கும் கிடைக்காத குரல்களைத் தாங்கியவையாக இருக்கலாம். அவற்றை ஒலிப்பிக்க முற்படுவோர், தட்டு தேயும் விதத்தை முதற்கண் அறிதல் வேண்டும்.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள் அரக்கினால் ஆனவை. அவ்வரக்கைப் பெருமளவில் அளித்தவை சோட்டா நாகபுரிக் காடுகளே. 1902இல் கல்கத்தாவில் பதிவான பாடல்கள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டுகளாக அச்சிடப்பெற்று இங்கே திரும்பி வந்தன. 1908இல்தான் கல்கத்தாவின் சியால்டாவில் இதற்கெனத் தொழிற்சாலை இயங்கலாயிற்று.

இத்தட்டில் அரக்கைக் காட்டிலும் கல்பொடியே மிகுதி. எஃகு ஊசி சுழலும் தட்டில் பதிந்தவுடன், கல்பொடி அதன் முனையை அராவி, வரிப்பள்ளத்தின் வடிவத்திற்கு இசைவித்துவிடுகிறது. அதனால் அழுத்தம் பரவலாகத் தாங்கப்படுகிறது. அதாவது, தட்டு தேயாதிருக்க ஊசி தேய்கிறது. ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் முனையின் ஓரங்கள் உளிபோலக் கூர்மையடைகின்றன. அதே ஊசியை மறுபக்கத்தில் வைத்தால் அவ்வோரங்கள் பள்ளத்தின் சுவர்களைச் செதுக்கும். ஆகவே பக்கத்திற்கு ஒரு புதிய ஊசி என்பது கண்டிப்பான விதி. ஊசியில் சிக்கனம் பார்த்தவர்களின் தட்டுகளே இன்று இரைச்சலிடுகின்றன.

1948இல் அமெரிக்காவில் அறிமுகமான வினைல் நெடுந்தட்டின் இயல்பு வேறு. இதில் கல்பொடி இல்லை. பள்ளமும் மிக நுண்ணியது. இதனை ஒருபோதும் சாவி முடுக்கும் கிராமபோனில் வைத்தலாகாது. அதன் ஒலிப்பெட்டி 100 கிராமுக்கும் மேல் அழுத்துவதால் ஒரே முறையில் பள்ளம் சிதைந்துவிடும். வினைலுக்குரிய வைரமுனை பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம் வரையே அழுத்துகிறது. எனினும், இது மிக நுண்ணிய பரப்பில் விழுவதால், சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அழுத்தமாகிறது. இடையில் அகப்படும் தூசி பள்ளத்தைக் கீறுவதன் காரணம் இதுவே.

அழுத்தத்தை மேலும் குறைத்தால் நலம் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. அளவுக்கு மீறி இலேசான முனை, உரத்த ஒலியுள்ள இடங்களில் பள்ளத்தை விட்டெழும்பிச் சுவர்களில் மோதும். அம்மோதலே பெருஞ்சேதம் விளைவிப்பது. முனையைச் செய்தவர் குறித்த அளவையே, சிறு தராசால் சரிபார்த்து, கைக்கொள்ள வேண்டும்.

இன்றைய மின்கருவியில் 78 சுற்றுத் தட்டை ஒலிப்பிக்க ஏறத்தாழ 0.075 மில்லிமீட்டர் ஆரமுள்ள முனை தேவை. நெடுந்தட்டின் சிறுமுனை அகன்ற பள்ளத்தின் அடியில் கிடந்து அழுக்கையே படிக்கும்.

துடைக்கும்போதும் வேறுபாடு உண்டு. அரக்குத் தட்டில் சாராயம் கலந்த திரவம் எதுவும் படலாகாது. அரக்கு அதில் கரையும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உலர்த்துக. தட்டின் நடுவிலுள்ள காகிதம் நனையலாகாது.

அரிய தட்டாயின், தூய்மை செய்தபின் ஏற்ற முனையால் ஒருமுறை ஒலிப்பித்து, அப்பொழுதே கணினியில் பதிவு செய்துகொள்க. வகுப்பில் அப்பதிவைப் பயன்படுத்தலாம். தட்டினை உறையிலிட்டு, வெயில் படாத இடத்தில், சாய்வின்றி நிறுத்தி வைக்க.