தேயிலை மலையில் ஒரு துளிக் கடல்

திம்புள்ளயிலிருந்து கடலைப் பார்க்கப் போவதென்றால் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு முன்னறையில் ஒன்றரை வருடமாக ஒரு சிறு கடல் இருக்கிறது. நான்கடி நீளமான கண்ணாடித் தொட்டி, சுமார் 200 லீற்றர் உப்புநீர், அதற்குள் இரண்டு கோமாளி மீன்கள். வெளியே யன்னலைத் திறந்தால் தேயிலையும் மூடுபனியும்.

இதைக் கொண்டுவந்தவர் என் மாமா. பல வருடங்கள் டோஹாவில் வேலை செய்துவிட்டு அவர் ஊர் திரும்பியபோது, நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அங்கே அவர் தங்கியிருந்த வீட்டில் பவளங்களும் மீன்களும் உள்ள தொட்டியொன்றை ஏழு வருடம் பராமரித்திருக்கிறார். விளக்கு, பம்பு, துளைகள் நிறைந்த செயற்கைக் கற்கள் எல்லாம் சாமான் பெட்டியோடு வந்தன. கூடவே ஒரு கொப்பியும் வந்தது. ஏழு வருடத்து வெப்பநிலையும் உப்பின் அளவும் நாள் தவறாமல் அதில் எழுதப்பட்டிருந்தன. நான் கற்றதில் பாதி அந்தக் கொப்பியிலிருந்து. மற்றப் பாதி நான் செய்த பிழைகளிலிருந்து. இரண்டையும் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

உப்பும் நீரும்

"கடல் தண்ணீர்தானே, உப்பைக் கரைத்தால் போதாதா?" என்று உம்மா கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போதாது என்பதற்கான காரணம் நமது இரசாயனவியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. பெரும்பகுதி சோடியம் குளோரைட்டு. அத்துடன் சுமார் 1.3 கிராம் மகனீசியமும் 0.4 கிராம் கல்சியமும் இருக்கின்றன. புத்தளத்து உப்பளத்தில் கடல்நீர் வெயிலில் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்று படிகிறது. அடுத்து கல்சியம் சல்பேற்று. அதன் பிறகே சோடியம் குளோரைட்டு. மிஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் தங்கிவிடும், அதை வெளியேற்றிவிடுவார்கள். ஆக, சமையலறைக்கு வரும் உப்பு கடலின் ஒரு பகுதி மட்டுமே. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதற்குத் தேவையான பொருள்கள் உப்பளத்திலேயே பிரிந்துவிடுகின்றன. அதனால்தான் எல்லாத் தாதுக்களும் சரியான விகிதத்தில் சேர்த்த, மீன் தொட்டிக்கென்றே தயாரிக்கப்படும் உப்பை வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் தொட்டிக்கு முதல் தடவை ஏழு கிலோ தேவைப்பட்டது.

உப்பைக் கரைக்கும் நீரும் முக்கியம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. மாமா அதையும் நேரடியாக விடவில்லை. மேலே தேயிலைக்குப் போடும் உரம் மழையில் கரைந்து ஊற்றோடு கலக்கலாம். குடிக்கும் நமக்குத் தெரியாத அளவு நைத்திரேற்றும் பொசுபேற்றும் தொட்டிக்குள் பாசியை வளர்த்துவிடும். மழைநீரைப் பிடிப்போமா என்று கேட்டேன். கூரையைக் காட்டினார். நாகம் பூசிய தகரம். நாகமும் செப்பும் சிறிதளவே கலந்தாலும் பவளம், இறால் போன்ற முள்ளந்தண்டில்லா உயிர்களுக்கு நஞ்சு. ஆகவே ஆர்.ஓ. வடிகட்டியில் வடித்த நீரையே பாவிக்கிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொட்டி நீர் தினமும் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே இருக்கும். குறைந்த மட்டத்தை நிரப்ப வடித்த நன்னீரையே விட வேண்டும். இங்கே ஜனவரி முதல் மார்ச் வரை காற்று உலர்ந்து வீசும் காலம். திம்புள்ளத் தேயிலைக்கு நல்ல மணம் கிடைப்பதும் அப்போதுதான். அந்த நாட்களில் நீர்மட்டம் வேகமாகக் குறையும். ஒரு கிழமை நான் விளங்காமல் உப்புநீரையே விட்டு வந்தேன். உப்பின் அளவு 35இலிருந்து 38க்கு ஏறிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

இப்போது சொல்லப்போவது எனக்குக் கவலை தரும் விடயம்.

தொட்டியை நிரப்பி ஆறாவது நாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. விளக்கும் போட்டாயிற்று. மாமா கண்டிக்குப் போயிருந்தார். கொழும்புக்குப் போன வாப்பாவிடம் நான் அடம்பிடித்து மூன்று நீல டாம்சல் மீன்களை வாங்கிவரச் சொன்னேன். முதல் நாள் அவை துள்ளித் திரிந்தன. இரண்டாம் நாள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மூன்றாம் நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது மூன்றும் இறந்து கிடந்தன.

மாமா திரும்பி வந்து ஏசவில்லை. ஒரு குழாயில் கொஞ்சம் நீரெடுத்துச் சோதனைத் திரவத்தை விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் பச்சையாக மாறியது. "தண்ணி இன்னும் பழுக்கல்ல மகள்" என்றார்.

மீன் தன் கழிவை அமோனியாவாகப் பூக்கள் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய உணவு அழுகினாலும் அமோனியாதான். கடலில் அது உடனே ஐதாகிவிடும். 200 லீற்றரில் எங்கே போகும்? அதை நைத்திரைட்டாக மாற்ற ஒருவகைப் பற்றீரியாக்கள் வேண்டும். நைத்திரைட்டும் நஞ்சுதான். அதை நைத்திரேற்றாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். நைத்திரேற்று மீனுக்கு அவ்வளவு கேடில்லை. நீரைப் பகுதி பகுதியாக மாற்றுவதன் மூலம் அதைக் குறைத்துக்கொள்ளலாம். இந்தப் பற்றீரியாக்கள் கற்களின் துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமை வரை செல்லும். நான் ஆறு நாள்தான் பொறுத்தேன்.

கடல்நீரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் பீ.எச். பெறுமானம் 8.1 முதல் 8.4 வரை, அதாவது காரத்தன்மையானது. காரநீரில் அமோனியம் அயன்களில் கூடுதலான பங்கு அமோனியாவாக மாறிவிடுகிறது. பூக்களினூடாக இலகுவில் உட்புகும் வடிவம் அதுவே. ஆகவே ஒரே அளவு கழிவு நன்னீர்த் தொட்டியை விடக் கடல்நீர்த் தொட்டியில் அதிகம் கொல்லும்.

மறுபடி ஆரம்பித்தோம். மீனில்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவைப் போட்டு அழுக விட்டோம். நான் புதுக் கொப்பி ஒன்றில் மூன்று நிரல்கள் கீறி எழுதினேன். முதலில் அமோனியா ஏறி இறங்கியது. பிறகு நைத்திரைட்டு ஏறி இறங்கியது. கடைசியில் நைத்திரேற்று மட்டும் நின்றது. நாற்பத்து மூன்றாவது நாள் முதல் இரண்டும் பூச்சியம். அதன் பிறகே கோமாளி மீன்கள் வந்தன.

சூடும் குளிரும்

பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை நல்லது. டோஹாவில் மாமாவின் பெருஞ் செலவு நீரைக் குளிர வைக்கும் சில்லர். இங்கே எதிர்மாறு. ஜனவரி இரவில் எங்கள் முன்னறை 15 பாகைக்கு இறங்கும். ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றைப் போட்டிருக்கிறோம். ஒன்று பழுதானால் மற்றது ஓரளவு தாங்கும். ஒன்று நிற்காமல் எரிந்தாலும் நீர் அவ்வளவு சீக்கிரம் கொதிநிலைக்குப் போகாது.

மீன் வாங்கி வரும்போதும் குளிரை மறக்கக் கூடாது. கொழும்புக் கோட்டையில் ரயிலேறும்போது பையிலுள்ள நீர் 28 பாகை. தலவாக்கலையில் இறங்கும்போது 21. இரண்டாவது தடவை வாப்பா பையைத் துவாயில் சுற்றி, றெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டில் பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் விட்டோம். வெப்பமும் உப்பும் மெதுவாகவே மாற வேண்டும்.

சென்ற ஜூலையில் பெருங்காற்றுக்கு மரம் முறிந்து கம்பியில் விழுந்து ஒன்பது மணித்தியாலம் கரண்ட் இல்லை. பம்பு நின்றால் ஒட்சிசன் குறையும். ஹீட்டர் நின்றால் குளிர் ஏறும். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பைப் போட்டோம். உம்மா தன் கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றினார். போத்தல்களில் சுடுநீர் நிரப்பி மூடி, தொட்டியில் மிதக்க விட்டு மாற்றிக்கொண்டே இருந்தோம். கரண்ட் வந்தபோது நீர் 22 பாகை. மீன்கள் இரண்டும் கல்லோரம் ஒடுங்கிக் கிடந்தன. ஆனால் உயிரோடு இருந்தன.

பவளம் என்ன கேட்கிறது?

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல. பொலிப்பு எனப்படும் சிறு விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து கல்சியம் காபனேற்றினால் கட்டிய வீடு அது. பொலிப்பின் இழையங்களுக்குள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து தயாரிக்கும் உணவிலிருந்தே பவளம் தன் சக்தித் தேவையின் பெரும்பகுதியைப் பெறுகிறது. பதிலுக்கு அல்காக்களுக்கு இருப்பிடமும் காபனீரொட்சைட்டும் கிடைக்கின்றன. பவளத்தின் அழகிய நிறத்தில் பெரும் பங்கும் இந்த விருந்தாளிகளுடையதே.

இந்த உறவை விளங்கிக்கொண்டால் மாமாவின் கொப்பியிலுள்ள இலக்கங்கள் எல்லாம் விளங்கும். அல்காவுக்காக நாளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் நீலம் கலந்த வலிமையான ஒளி. உணவையும் ஒட்சிசனையும் கொண்டுவந்து கழிவை அள்ளிச் செல்ல, திசை மாறி மாறி ஓடும் நீரோட்டம். எலும்புக்கூட்டுக்காக லீற்றருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் கல்சியமும் 1250 முதல் 1350 மில்லிகிராம் மகனீசியமும். பவளம் வளர வளர இவை குறையும் என்பதால் அளந்து அளந்து சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த இலக்கமும் திடீரென்று மாறக் கூடாது.

கொப்பியில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பு மையில் இருக்கிறது. ஒரு கோடையில் சில்லர் பழுதாகி நான்கு நாட்கள் நீர் 32 பாகையில் நின்றிருக்கிறது. வெப்பம் கூடியபோது பவளங்கள் தமக்குள் இருந்த அல்காக்களை வெளியே தள்ளிவிட்டன. நிறம் போய் வெள்ளை எலும்பு தெரிந்தது. இதுதான் வெளிறல். வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் அல்காக்கள் திரும்பக்கூடும். மாமாவுடையவற்றில் பாதி தேறின, பாதி போயின.

அந்தப் பக்கத்தில் நடந்தது நமது நாட்டுக் கடலிலும் நடந்தது. 1998இல் எல் நினோ காரணமாகக் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளத் திட்டுகளிலும் பெரும்பகுதி வெளிறி இறந்தது. திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத் தீவுப் பவளங்கள் அப்போது பெரும்பாலும் தப்பின. மூளைப் பவளம் போன்றவை வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். ஓர் ஆள் உயரத்துக்கு வளர எத்தனை தலைமுறை தேவை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உணவும் நோயும்

உணவு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. எங்கள் தம்பி ஒருநாள் பிஸ்கட்டைத் தூளாக்கிப் போட்டு, அன்றே ஐந்திலொரு பங்கு நீரை மாற்ற வேண்டியதாயிற்று. வழமையாகக் கிழமைக்குப் பத்திலொரு பங்கு மாற்றுகிறோம். புது மீனை நேரே தொட்டியில் விடாமல் நான்கு கிழமை தனித் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். வெண்புள்ளி நோய்க்குக் கொடுக்கும் செப்பு மருந்து மீனைக் காப்பாற்றும். பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். ஆகவே வைத்தியம் எப்போதும் தனித் தொட்டியில்தான்.

காலியாக இருக்கும் கல்

இவ்வளவும் எழுதிய என் தொட்டியில் ஒரு பவளம்கூட இல்லை.

மாமா டோஹாவில் வைத்திருந்தவை, வளர்ப்புப் பவளத்திலிருந்து வெட்டிய சிறு துண்டுகளை ஒட்டி வளர்த்தவை. கற்பவளங்களை நாட்டுக்கு நாடு கொண்டுசெல்ல சைட்டீஸ் உடன்படிக்கையின்படி அனுமதிப் பத்திரம் வேண்டும். அதனால் எல்லாவற்றையும் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

சென்ற வருடம், வீட்டுக்கு வந்த தெரிந்தவர் ஒருவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, தென்கரையிலிருந்து உயிருள்ள பவளத் துண்டொன்றை எடுத்துத் தருவதாகச் சொன்னார். "ஒரு சின்னத் துண்டுதானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். எனக்கு ஆசை தாங்கவில்லை. இரவு முழுதும் எந்தக் கல்லில் வைப்பது என்றே யோசித்தேன். வன சீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நமது கற்பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை என்பதை மாமா அடுத்த நாள் சொன்னார். வேண்டாமென்று மட்டும் அவர் சொல்லவில்லை. "நீங்களே யோசிங்க மகள்" என்றார்.

அந்த விடுமுறையில் குடும்பத்தோடு ஹிக்கடுவை போனோம். 1979இல் சரணாலயமாகவும் 2002இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். கண்ணாடி அடித்தள வள்ளத்தில் குனிந்து பார்த்தேன். கீழே நீண்ட தூரத்துக்குச் சாம்பல் நிறச் சிதைவுகள். நடுவில் அங்கங்கே, என் கையளவில், உயிருள்ள பவளங்கள். அவர் எடுத்துத் தருவதாகச் சொன்ன துண்டும் அந்த அளவுதான். கரையோரம் வற்றுநீரில் சிலர் பவளத்தின் மேலேயே ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டுதானே, ஒரு மிதிதானே என்று அவர்களும் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து அவருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

சூரா அர்ரஹ்மானில் முத்தோடு சேர்த்து 'மர்ஜான்' சொல்லப்படுகிறது. பவளம் என்றுதான் நமக்குப் பொருள் சொல்லித் தந்தார்கள். அருட்கொடை என்றால் எடுத்துக்கொள்வதற்கு என்றே சிறு வயதில் நினைத்திருந்தேன். மூன்று மீன்களைச் சாகவிட்ட பிறகும், ஹிக்கடுவையைப் பார்த்த பிறகும் அது அமானிதம் என்று விளங்குகிறது.

தொட்டி வைக்க விரும்பும் சகோதரிகளே, முதலில் கொப்பி ஒன்று வாங்குங்கள். மீன் பிறகு. கடற்கரைக்குப் போனால் பவளத்தில் கால் வைக்காதீர்கள். உடைந்து கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். எங்கள் தொட்டியின் நடுவிலுள்ள தட்டையான கல்லைப் பவளத்துக்கென்றே மாமா வைத்தார். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இரவில் கோமாளி மீன்கள் இரண்டும் அதன் மேல்தான் உறங்குகின்றன.