எத்துப்பல்லும் பற்சீரமைப்புக் கருவிகளும்

எத்துப்பல் என்பது மேல்தாடையின் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட அளவுக்கு மீறி முன்னால் நீண்டிருக்கும் நிலையாகும். இயல்பாக மேல் வெட்டுப்பற்கள் கீழ் வெட்டுப்பற்களுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை முன்னால் இருக்கும். இந்த இடைவெளி கூடினால், குழந்தை தடுக்கி விழும்போது முதலில் அடிபடுபவை இந்தப் பற்களே. இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் உள்ள குழந்தைகளுக்கு முன்பல் காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளியில் கேலிக்கு ஆளாவதும் உண்டு.

காரணங்கள்

பலருக்கு மேல்தாடை முன்னே வளர்ந்திருப்பதைவிட, கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதே காரணமாக இருக்கிறது. இது பரம்பரையாகவும் வரலாம். நிலைப்பற்கள் முளைத்த பின்னும் விரல் சூப்புதல், கீழுதடு மேற்பற்களுக்குப் பின்னால் மடிந்திருத்தல் ஆகியவையும் பற்களை முன்னே தள்ளும்.

கருவிகளின் வகைகள்

ட்வின் பிளாக்: ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கியது. மேலும் கீழுமாக இரண்டு அக்ரிலிக் தகடுகளைக் கொண்டது. வாயை மூடும்போது இவற்றின் சாய்வான முகங்கள் ஒன்றோடொன்று பொருந்திக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும். கழற்றி மாட்டலாம், ஆனால் பெரும்பாலும் நாள் முழுவதும் அணிய வேண்டும். தொடக்கத்தில் பேச்சு குழறும், எச்சில் கூடுதலாக ஊறும். குழந்தை ஒழுங்காக அணியாவிட்டால் பயன் இல்லை.

ஹெர்ப்ஸ்ட் கருவி: ஜெர்மானியரான எமில் ஹெர்ப்ஸ்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. ஒன்றினுள் ஒன்று நகரும் உலோகக் குழாய்கள் பற்களோடு பொருத்தப்படும். குழந்தையால் கழற்ற முடியாது என்பது இதன் நன்மை. உடைந்தாலோ தளர்ந்தாலோ மருத்துவரிடம் செல்ல வேண்டியிருப்பது இதன் குறை.

தலைப்பட்டை: தலை அல்லது கழுத்தைச் சுற்றிய பட்டையின் வழியாக மேல் கடைவாய்ப்பற்களைப் பின்னோக்கி இழுக்கும். மாலையும் இரவுமாக நாளுக்கு 12 மணி நேரமாவது அணிய வேண்டும். விளையாட்டில் யாரேனும் இழுத்துவிட்டால் கம்பி கண்ணைக் காயப்படுத்தலாம். ஆகவே பாதுகாப்புப் பூட்டு உள்ளதையே பயன்படுத்த வேண்டும்.

நிலையான கம்பி: மக்கள் ‘பல் கிளிப்’ என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பல்லிலும் சிறு தாங்கி ஒட்டி, அவற்றினூடே கம்பி செலுத்தப்படும். நிலைப்பற்கள் பெரும்பாலும் முளைத்த பின் பற்களை வரிசைப்படுத்த உதவுகிறது. இடம் போதாதபோது சில பற்களைப் பிடுங்க நேரலாம். பல் துலக்குவதில் கவனம் குறைந்தால் சொத்தை விழும்.

எந்த வயதில்?

சிகிச்சையை 7 முதல் 11 வயதில் ஒரு கட்டமும் வளரிளம் பருவத்தில் மறு கட்டமுமாகச் செய்யலாம். அல்லது 12 முதல் 16 வயதில் ஒரே கட்டமாகச் செய்யலாம். 2018இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு 27 ஆய்வுகளையும் 1,251 பேரையும் உள்ளடக்கியது. அதன்படி, சிகிச்சை முழுவதும் முடிந்தபோது இரு வழிகளிலும் பற்களின் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கு முன்பற்களில் காயம் குறைவாக ஏற்பட்டது என்பதே முக்கிய நன்மை. ட்வின் பிளாக்குக்கும் அதே வகையான பிற கருவிகளுக்கும் இடையே, இடைவெளியைக் குறைப்பதில் வேறுபாடு காணப்படவில்லை.

தேர்வு

ஆகவே எல்லாக் குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே தொடங்க வேண்டியதில்லை. இரு கட்டச் சிகிச்சையில் மருத்துவரைப் பார்க்கும் முறைகளும் செலவும் கூடும். இடைவெளி மிகுந்து அடிபடும் வாய்ப்புள்ள குழந்தைக்கும், கேலியால் மனம் நொந்த குழந்தைக்கும் முன்கூட்டிய சிகிச்சை பொருந்தலாம். மற்றவர்கள் காத்திருக்கலாம். எந்தக் கருவியானாலும் குழந்தை அதை ஏற்றுக்கொண்டு அணிகிறதா என்பதே பலனைத் தீர்மானிக்கும். சிகிச்சை முடிந்த பின், பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க, தக்கவைப்புக் கருவியையும் மருத்துவர் சொல்லும் காலம்வரை அணிய வேண்டும்.