கிடார் வாசிச்சா கடல் கேக்குமா?

கடலூர் தேவனாம்பட்டினம் பீச்ல மெகா ஸ்டேஜ். லட்சம் பேர் கூட்டம். 'பூமியைக் காப்பாத்துவோம்'னு ஒரு ராக் ஸ்டார் கத்துறார்... கற்பனையே செமயா இருக்குல்ல? உலகத்துல நிஜமாவே இப்படி நடந்திருக்கு பாஸ். நம்ம ஊருக்குத்தான் வரலை!

2007 ஜூலை 7. அதாவது 7.7.07! அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோர் முன்னால் நிற்க, 'லைவ் எர்த்' என்ற பெயரில் லண்டன், நியூ ஜெர்சி, சிட்னி, டோக்கியோ, ரியோ என்று ஒரே நாளில் கச்சேரிகள். பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஊருக்கே சொல்வதுதான் நோக்கம். இதில் சூப்பர் மேட்டர் அண்டார்டிகா! ரொத்தேரா ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஐந்து பேர் 'நுனாடக்' என்ற பேண்டாக வாசித்தார்கள். நேரில் கேட்டது 17 பேர். எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கடைசி ஐட்டத்துக்கு இருக்குற கூட்டம்கூட அதைவிட ஜாஸ்தி!

இந்தியாவுக்கும் 'லைவ் எர்த்' வருவதாகத்தான் இருந்தது. 2008 டிசம்பர் 7, மும்பை, பான் ஜோவி என்று எல்லாம் ரெடி. நவம்பர் 26 தாக்குதலுக்குப் பிறகு ரத்தானது.

'பிரைவேட் ஜெட்ல வந்து புவி வெப்பத்தைப் பத்திப் பாடுறீங்களா?' என்று அப்பவே கிண்டல் கிளம்பியது. நியாயமான கிண்டல்தான். ஆனால் கார்பன் கணக்குப் போட்டால் லைட், ஸ்பீக்கரைவிட ரசிகர்கள் வந்துபோகிற பயணம்தான் பெரும்பங்கு. கோல்ட்பிளே கொஞ்சம் உஷார். 2022-ல் தொடங்கிய டூரில் ரசிகர்கள் குதித்தால் கரன்ட் எடுக்கும் தரை வைத்தார்கள் (நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரியே இருக்குல்ல?). முந்தைய டூரைவிட 59 சதவிகிதம் குறைவான கார்பன் என்று 2024-ல் அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ரசிகர்களின் பயணம் கிடையாது!

இந்த மாதிரி கச்சேரிகளுக்கெல்லாம் தாத்தா ஒண்ணு இருக்கு. அது நம்ம வங்கக்கடல் சம்பந்தப்பட்டது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானைப் புயல் தாக்கி, மூன்று லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்து போர், அகதிகள். 1971 ஆகஸ்ட் 1-ல் பண்டிட் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்தியதுதான் 'கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்'. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா ரெக்கார்டு வித்த காசு வரிச் சிக்கல்ல மாட்டி வருஷக்கணக்கா முடங்கிக் கிடந்துச்சு. கைதட்டல் உடனே வந்துடும், காசு லேட்டாத்தான் வரும்!

அதே வங்கக்கடல்தான் 2011 டிசம்பர் 30-ல் 'தானே'வை நம்ம மேல் ஏவியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் வெள்ளம். ஒரு புயலைக் காட்டி 'இதுதான் கிளைமேட் சேஞ்ச்'னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கடல் சூடானா புயலுக்குத் தீனி அதிகம். பண்ருட்டி விவசாயிக்குப் போய் 'விழிப்புஉணர்வு' கொடுக்கிறது எனக்குக் காமெடியாத்தான் படுது. அவர் வேற மரம் வெச்சுக் காய்க்கக் காத்திருக்கிறவர். அவருக்குத் தேவை காசும் கன்றும்!

பாட்டே வேண்டாமா? அப்படியில்லை. 2017-ல் டி.எம்.கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்துக்கே போய் 'புறம்போக்கு' பாடலைப் பாடினார். ஸ்டேடியம் இல்லை, ஜெட் இல்லை. சாம்பல் மேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டால் மண்டையில் ஏறாமல் இருக்குமா?

சிதம்பரத்தில் மேடைக்கா பஞ்சம்? 1981-லிருந்து சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்குது. பக்கத்திலேயே பிச்சாவரம். அழிந்துபோன சதுப்புநிலக் காட்டை மீட்க வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. கடல் தண்ணி உள்ளே வந்து போகும், தேங்கிய உப்பு குறையும், கன்று பிழைக்கும். அவ்வளவு சிம்பிள் இன்ஜினீயரிங்!

அஞ்சு நாள் ஆட்டத்தில் ஒரு நாள் வசூலை அப்படி ஒரு வாய்க்காலுக்கு ஒதுக்கலாம். மறுநாள் காலையிலேயே ஆடியன்ஸ் போய்ப் பார்க்கலாம். ஜெட் வேண்டாம் மச்சி, டவுன் பஸ் போதும்!