பட்டா உங்களுடையது, முயல் உங்களுடையது அல்ல

கடலைக்காய் பிடுங்கி முடிந்த மேட்டுக்காட்டில் நடுராத்திரி டார்ச் வெளிச்சம் அலையும். நாய் விடாமல் குரைக்கும். வெண்ணந்தூரைச் சுற்றி, போதமலை, அலவாய்மலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. முயலுக்கோ, கௌதாரிக்கோ, உடும்புக்கோ யாரோ வந்திருக்கிறார்கள். தடியை எடுத்துக்கொண்டு போவதா, கண்டும் காணாமல் படுத்துக்கொள்வதா? இரண்டுமே வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்தில் நிலச் சொந்தக்காரர் தம் நிலத்தில் வேட்டையாடும் உரிமையைக் குத்தகைக்கே விடலாம். நம் நாட்டில் அப்படி இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு காப்புக்காட்டில் இருந்தாலும் சரி, உங்கள் மரவள்ளிக் காட்டில் இருந்தாலும் சரி, அதை வேட்டையாடுவது குற்றம். ஆகவே, "தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தோம்" என்பது எந்த வழக்கிலும் செல்லாது. நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால் குற்றத்துக்குத் துணைபோனவராக நீங்களும் சிக்குவீர்கள்.

வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டும் அல்ல. சுருக்குக் கம்பி கட்டுவது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, நாயை விட்டுத் துரத்துவது, இவற்றுக்கு முயல்வது என எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். உயிரோடு பிடித்துத் திரும்ப விட்டாலும் குற்றமே. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைபோட்டுப் பிடித்து, ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப விடும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை அது. வனத்துறை தடை விதித்தது, மீறியவர்களிடம் அபராதமும் வசூலித்தது. அந்த ஊர் மக்களின் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனிதக் கூட்டத்துக்கு நடுவே வாய் கட்டப்பட்டு நிற்கும் நரிக்கு அது திருவிழா அல்லவே.

தண்டனை கடுமையானது. மயிலும் உடும்பும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அடுத்த அட்டவணையில் உள்ளவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கறியை வைத்திருப்பதும் குற்றம். வேட்டைக்குப் பயன்பட்ட வண்டி, வலை, துப்பாக்கி எல்லாம் பறிமுதலாகும்.

அத்துமீறலுக்கு வருவோம். வரப்பில் நடந்து போகிறவர், வழக்கமான வண்டிப்பாதையில் போகிறவர், தப்பிய ஆட்டைத் தேடி வந்தவர் குற்றவாளிகள் அல்ல. குற்றம் செய்யவோ, உங்களை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை தரவோ உள்ளே வருவதுதான் பாரதிய நியாய சம்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் வரும் குற்ற அத்துமீறல். அதற்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்டைக்கு என்று இரவில் நுழைந்தவர் இதற்குள் வந்துவிடுகிறார். "முன் அனுமதியின்றி நுழையாதீர், வேட்டை தடை" என்று தமிழில் ஒரு பலகை வைத்துவிட்டால், தெரியாமல் வந்தேன் என்று சொல்ல வழி இருக்காது.

ஆள் உள்ளே இருக்கும்போது கிட்டே போகாதீர்கள். கையில் நாட்டுத் துப்பாக்கி இருக்கலாம், இருட்டில் யார் எதைச் சுடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. வண்டி எண், எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள் என்பதைத் தூரத்திலிருந்தே கவனித்து, 100-க்கோ வெண்ணந்தூர் காவல் நிலையத்துக்கோ ராசிபுரம் வனச்சரக அலுவலகத்துக்கோ சொல்லுங்கள். தனி ஆளே பிடித்து 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது உங்கள் கண்ணெதிரே நடக்கும் கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தான். பிடித்துக் கட்டிவைத்து அடித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். நிலத்தைக் காக்கும் உரிமைக்கும் அளவு உண்டு. திறந்தவெளியில் வெறுமனே அத்துமீறி வந்தவரின் உயிரைப் பறிக்க அது இடம் தராது.

விடிந்ததும் நிலத்தைச் சுற்றிப் பாருங்கள். சுருக்குக் கம்பி இருந்தால் வனத்துறையினர் வரும்வரை அவிழ்க்காமல் படம் எடுத்து வையுங்கள். உருண்டையாகச் சுற்றிய அவுட்டுக்காய் கிடந்தால் தொடவே கூடாது. பன்றிக்கு வைத்த அந்த வெடி மாட்டின் வாயையும் கிழிக்கும், குழந்தையின் கையையும் எடுத்துவிடும். எழுத்துப் புகாரில் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, பட்டா நகலையும் படங்களையும் இணைத்துக் கொடுங்கள். மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கோபத்தில் மட்டும் மின்வேலி போட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே தோட்டத்து மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் அங்கேயே சுற்றி வந்தன. வேலி போட்ட விவசாயி கைதானார். இரவில் நீர் பாய்ச்சப் போகும் பக்கத்துத் தோட்டக்காரர் அந்தக் கம்பியை மிதித்தால் அது கொலை வழக்குக்கு நெருக்கமான வழக்காகிவிடும். காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் சூரிய மின்வேலிக்கும் வனத்துறையில் பதிவு செய்யவேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு விதி வகுத்துள்ளது.

கிழங்கையும் கடலையையும் காட்டுப்பன்றி கிளறிவிடும்போது, வேட்டைக்காரர் வந்தால் நல்லதுதானே என்று தோன்றுவது இயல்பு. அந்த நஷ்டம் உண்மையானது, அதற்குத் தனி வழி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2025 ஜனவரியில் அரசு ஒரு வழியைத் திறந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி வனத்துறையின் கையில் மட்டுமே. எனவே உங்கள் தோட்டம் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வனக்காப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, பயிர், சேதமான பரப்பு, தேதி தெரியும் படங்கள் ஆகியவற்றோடு வனச்சரகரிடம் மனுக் கொடுங்கள். பயிர்ச்சேத இழப்பீட்டுக்கும் இதே சான்றுகள்தான் தேவைப்படும்.