பதுங்கி ஆடும் ஆட்டமும் முத்துக் கரையும்

வீடியோ கேம்களில் 'ஸ்டெல்த்' என்று பெயர் பெற்ற வகை, எதிரியைச் சுட்டு வீழ்த்துவதைவிட எதிரியின் கண்ணிலும் காதிலும் படாமல் காரியத்தை முடிப்பதையே வெற்றியாகக் கொள்வது. காவலர் எந்த வழியாக வருகிறார், எங்கே திரும்புகிறார், எந்த விளக்கின் கீழ் நின்றால் அவர் பார்வையில் படுவோம், எந்தத் தரையில் கால் வைத்தால் ஓசை எழும் என்பவற்றைப் பொறுமையாகக் கவனித்து, அந்தக் கவனிப்பையே ஆயுதமாக்கிக் கொள்ளும் ஆட்டம் இது. 'தீஃப்', 'மெட்டல் கியர் சாலிட்', 'டென்ச்சூ' ஆகிய மூன்றும் வெளிவந்த 1998ஆம் ஆண்டு இந்த வகைக்குத் திருப்புமுனையாயிற்று. தமிழ்நாட்டின் பிரௌசிங் சென்டர்களில் வளர்ந்த தலைமுறைக்கு, 2000இல் வெளிவந்த 'புராஜெக்ட் ஐஜிஐ' என்ற ஆட்டத்தின் வழியாகவே இதன் சுவை தெரியவந்தது. கண்காணிப்புக் கேமரா ஒருமுறை பார்த்துவிட்டால் அபாயச் சங்கு ஒலிக்க, வீழ்த்தப்பட்டால் இடைவழியில் சேமித்துக்கொள்ளும் வசதியும் இல்லாமல் முழுப் பணியையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்த அந்த ஆட்டத்தை மறந்தவர் குறைவு.

பழைய ஆட்டம் ஒன்றின் பெயரையும் நாயகனையும் வைத்துக்கொண்டு கதையையும் ஆட்ட முறையையும் புதிதாக அமைப்பதை 'ரீபூட்', அதாவது மறுதொடக்கம், என்பர். ஸ்டெல்த் வகையில் இவ்வாறு மறுதொடக்கம் பெற்ற இரண்டு ஆட்டங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், விமர்சகர்கள் எதைப் போற்றினார்கள், எதற்காக ஏமாற்றம் அடைந்தார்கள் என்பது தெளிவாகிறது. முதலாவது 2014இன் 'தீஃப்'. இரண்டாவது 2016இன் 'ஹிட்மேன்'.

அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கிய முதல் 'தீஃப்', காரெட் என்ற திருடனை ஆட்டக்காரரின் கையில் ஒப்படைத்தது. திரையின் அடியில் இருந்த ஒரு மணிக்கல், அவன் வெளிச்சத்தில் நிற்கிறானா இருளில் நிற்கிறானா என்பதை ஒளிர்ந்தும் மங்கியும் காட்டியது. கம்பளத்தின்மேல் நடந்தால் ஓசை இல்லை, கல்தளத்தில் கேட்கும், இரும்புத் தகட்டில் உரக்கக் கேட்கும் என்ற விதியும், அந்த ஓசை சுவரையும் கதவையும் பொறுத்துத் தணிந்தோ முழுமையாகவோ காவலரை அடையும் என்ற விதியும் ஆட்டம் முழுவதும் மாறாமல் செயல்பட்டன. தண்ணீர் அம்பை எய்து பந்தத்தை அணைக்கலாம். பாசி அம்பை எய்து தரையை மெத்தென்று ஆக்கலாம். கயிற்று அம்பு மரம் எங்கிருந்தாலும் அங்கே தைத்துத் தொங்கும். எங்கே எதைச் செய்ய வேண்டும் என்று ஆட்டம் சொல்லவில்லை, உலகத்தின் விதிகளை மட்டும் கற்பித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இதன் அருமை, 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகும் ரசிகர்கள் தாங்களே புதிய மாளிகைகளை வடிவமைத்து ஆடிக்கொண்டிருந்ததிலிருந்து புலப்படும்.

2014 பிப்ரவரியில் கனடாவின் ஐடோஸ் மான்ட்ரியல் கொண்டுவந்த மறுதொடக்கம், ஒளியையும் நிழலையும் அழகுற வரைந்திருந்தது. விரலால் மெழுகுவத்தியை அணைப்பது, இழுப்பறையைத் திறந்து துழாவுவது, சட்டத்தின் விளிம்பைத் தடவி ஓவியத்தின் பின்னால் உள்ள பொறியைக் கண்டுபிடிப்பது என்று கைகளின் வேலையை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய ஆட்டம் அதற்கு முன் அரிது. ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குச் சத்தமின்றிப் பாயும் வசதியும், எடுக்கத்தக்க பொருள்களை நீல ஒளியில் காட்டும் 'ஃபோகஸ்' என்ற கூர்நோக்கும் சேர்க்கப்பட்டன. கூண்டுப் பறவைகளும் நாய்களும் அருகே வேகமாக அசைந்தால் கலவரமடைந்து காவலரை எழுப்பின. வேண்டாத உதவிகள் ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டு ஆட்டத்தைக் கடினமாக்கிக்கொள்ள வழிவிட்டதும் பாராட்டுக்குரியது.

அப்படியிருந்தும் விமர்சகர்களின் சராசரி மதிப்பெண் நூற்றுக்கு எழுபதை ஒட்டியே நின்றது. விருப்பம்போல் குதிக்க முடியாது, வடிவமைப்பாளர் அனுமதித்த விளிம்புகளில் மட்டுமே ஏறலாம் என்றாயிற்று. கயிற்று அம்பும் குறித்து வைக்கப்பட்ட உத்தரங்களில் மட்டுமே தைத்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒரே மாதிரியான சன்னலை நெம்பித் திறக்க வேண்டியிருந்தது. காவலர்கள் ஒரே உரையாடலைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள், தொலைவில் இருப்பவர் பேச்சு காதருகே கேட்டது. சுட்டு விளையாடும் ஆட்டத்தில் இத்தகைய குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். காதை நம்பியே அடியெடுத்து வைக்க வேண்டிய ஆட்டத்தில் ஓசை பொய் சொன்னால், ஆட்டக்காரர் கற்றுக்கொண்ட எதுவும் பயன்படாமல் போகிறது. முந்தைய மூன்று ஆட்டங்களிலும் காரெட்டுக்குக் குரல் கொடுத்த ஸ்டீபன் ரஸ்ஸலை மாற்றியது குறித்து ரசிகர்கள் கொண்ட சினமும் நியாயமானதே என்றாலும், ஆட்டத்தின் உண்மையான இழப்பு குரலில் இல்லை, இடத்தின் விதிகள் இடத்துக்கு இடம் மாறியதில்தான் இருக்கிறது.

டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம், கூலிக்கொலையாளி ஒருவனை நாயகனாகக் கொண்ட 'ஹிட்மேன்' வரிசையை 2016 மார்ச்சில் மறுதொடக்கம் செய்தபோது, தன்னுடைய முந்தைய தவறிலிருந்தே தொடங்கியது. 2012இன் 'ஹிட்மேன்: அப்சொல்யூஷன்' ஆட்டத்தில், ஒரு காவலரின் உடையை அணிந்தால் காவலர் அனைவருமே சந்தேகப்பட்டதால் மாறுவேடம் என்ற ஆதாரமான உத்தியே வலுவிழந்திருந்தது. புதிய ஆட்டம் அதைத் திருத்தியது: சமையற்காரர் உடையில் இருப்பவரைத் தலைமைச் சமையற்காரர் போன்ற ஒருசிலரே இனங்காண்பர், அவர்களின் தலைக்கு மேல் ஒரு வெண்புள்ளி தெரியும், மற்றவர்கள் நடுவே தாராளமாக நடமாடலாம். ஆகவே இங்கே மறைவிடம் என்பது இருளோடு முடிந்துவிடவில்லை. ஓர் இடத்தில் யார் யாருக்கு எங்கே போக உரிமை உண்டு, யாரை யார் அறிவர் என்ற சமூக ஒழுங்கே மறைவிடமாகிறது. பாரிஸ் நகரத்து ஆடை அலங்கார விழாவில், விளம்பர அழகன் ஒருவனை மயங்கச் செய்து அவன் உடையில் மேடையேறிவிட்டால், ஆயிரம் கண்கள் பார்த்திருக்க நடந்தும் கொலையாளி மறைந்தே இருக்கிறான். ஸ்டெல்த் வகையின் வரலாற்றில் இதைவிட நுட்பமான எண்ணம் வேறொன்று தோன்றியதாகச் சொல்வதற்கில்லை.

ஆறு ஊர்களையும் ஒரே நாளில் தராமல் மார்ச் முதல் அக்டோபர் வரை ஒவ்வொன்றாக வெளியிட்டதைத் தொடக்கத்தில் பலரும் குறை கூறினார்கள். ஆனால் அடுத்த ஊர் வரும்வரை இருக்கும் ஊரையே மீண்டும் மீண்டும் ஆட நேர்ந்ததால், ஒவ்வொரு சமையலறையும் மாடிப்படியும் வேலையாளின் நேரமும் ஆட்டக்காரர்களுக்கு மனப்பாடமாயின. சபியென்சா என்ற கற்பனையான இத்தாலியக் கடலோரச் சிற்றூர் இன்றும் இந்த வகையின் மிகச்சிறந்த களங்களுள் ஒன்றாக மதிக்கப்படுவதற்கு அதுவும் காரணம். ஆண்டு முடிவில் 'ஜெயன்ட் பாம்' விளையாட்டு இணையதளத்தார் இதையே அவ்வாண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இணைய இணைப்பு இல்லாவிட்டால் ஆட்டத்தின் பெரும்பகுதி பூட்டப்பட்டுவிடும் என்ற குறை மட்டும் நீங்கவில்லை. இணைப்பின்றி ஆடத்தக்க ஆட்டங்களையே விற்பதாகச் சொல்லிவந்த ஜிஓஜி தளம், 2021இல் வாடிக்கையாளரின் கடும் எதிர்ப்புக்குப் பின் இதை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது.

இந்த வரிசைக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு பழையது, கசப்பிலிருந்து தொடங்கியது. 2002இல் வந்த 'ஹிட்மேன் 2: சைலன்ட் அசாசின்', பஞ்சாபில் ஒரு கோயிலைக் கொலைக்களமாகக் காட்டியபோது சீக்கிய அமைப்புகள் எதிர்த்தன, பின்வந்த பதிப்புகளில் அப்பகுதி மாற்றப்பட்டது. வழிபடுவோரை வெறும் எதிரிகளாகக் காட்டும் அளவுக்கு அந்த இடத்தைப் பற்றிய அறிவு அதை வரைந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பரில் வெளிவந்த மறுதொடக்க வரிசையின் இரண்டாம் ஆட்டத்தில் மும்பை ஒரு களமாயிற்று. அங்கே தேடப்படும் மூவரில் ஒருவரின் முகம் யாருக்கும் தெரியாது. கிடைக்கும் தடயங்களைக் கோத்துத்தான் கூட்டத்தில் அவரை இனங்காண வேண்டும். நெரிசலான கூட்டத்துக்குள் புகுந்தால் துரத்துவோரின் கண்ணிலிருந்து மறையலாம் என்ற விதி இந்த இரண்டாம் ஆட்டத்தில்தான் சேர்ந்தது, மும்பைச் சந்துகளில் அது முழுப் பொருத்தம் பெறுகிறது. சவரத் தொழிலாளியாக வேடமிட்டு இலக்கையே நாற்காலியில் உட்காரவைக்கலாம். அதே நகரில் காத்திருக்கும் வேறொரு கூலிக்கொலையாளியின் குறிக்குள் இலக்கை வரவழைத்து, தன் கையில் கறைபடாமலும் முடிக்கலாம். கொள்ளைக்காரர், குடிசைப்பகுதித் தலைவி, திரைப்பட நடிகர் என்ற பாத்திரத் தேர்வில் வெளிநாட்டார் கண்ட வழக்கமான மும்பையே தெரிகிறது என்றாலும், நகரின் நெரிசலை ஓவியமாக அல்லாமல் ஆட்ட விதியாக மாற்றியது உண்மையான முன்னேற்றம்.

ஓர் இடத்தின் இயல்பையே ஆட்ட விதியாக்குவது என்ற இந்த அளவுகோலோடு, முத்துக் குளிப்பு நடந்த தூத்துக்குடிக் கரையைப் பார்த்தால், ஸ்டெல்த் ஆட்டம் கேட்கும் இலக்கணம் முழுவதும் அங்கே வரலாறாகவே நடந்திருப்பது தெரியும். முத்துச் சலாபம் என்பது, கடலடியில் 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் விளைந்த சிப்பிகளை அரசு அறிவித்த நாள்களில் மட்டும் மூழ்கி எடுக்கும் பெருந்தொழில். சிப்பிக்குள் முத்து இருக்கிறதா இல்லையா என்பது திறக்கும்வரை யாருக்கும் தெரியாது, இருந்தால் அது விரலிடுக்கில் அடங்கும். ஆகவே தொழில் முழுவதும் கண்காணிப்பின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்பட்ட தோணிகள் பிற்பகல் கடற்காற்றில் திரும்பின. வரும் வழியிலேயே சிப்பியைத் திறந்து முத்தை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு எப்போதும் இருந்தது. கரையில் வேலியடைத்த 'கொட்டு' என்ற வளைப்புக்குள் சிப்பிகள் கொட்டப்பட்டு மூன்று சம குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. பிரித்தவர் கடலில் மூழ்கிச் சிப்பியெடுத்த குளியாட்கள், எவை இரண்டு அரசுக்கு என்று சுட்டியவர் அதிகாரி, எஞ்சியதே குளியாட்களின் பங்கு. எந்தக் குவியல் தமக்கு வரும் என்று தெரியாததால், நல்ல சிப்பியை ஒரு பக்கம் ஒதுக்கி வைப்பதில் பயனில்லாமல் போயிற்று. காவலர் ஒருவரும் இல்லாமலேயே காவல் காக்கும் விதி இது. எந்த ஆட்ட வடிவமைப்பாளரும் பொறாமைப்படத்தக்கது.

அடுத்த கட்டம் இன்னும் கடுமையானது. சிப்பிகளை நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்க்கும் நாற்றத்தின் நடுவே கழுவி முத்தைப் பிரிக்கும்போது, வரிசையாக உட்கார்ந்த வேலையாட்களின் கைகளையே கண்காணிகள் பார்த்திருந்தனர். முத்தை விழுங்கினார் என்று ஐயம் எழுந்தால் பேதிமருந்து கொடுத்த செய்தியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கின்றனர். இத்தனை கண்களுக்கும் தப்பி முத்துகள் கைமாறின என்பதும் உண்மை. மூச்சடக்கி உயிரைப் பணயம் வைத்தவருக்கு மூன்றில் ஒரு பங்கும் கரையில் நின்றவருக்கு மூன்றில் இரண்டு பங்கும் என்ற கணக்கில், யார் திருடர் என்ற கேள்வியை ஓர் ஆட்டம் எழுப்புமானால், காரெட்டின் மாளிகைத் திருட்டுகளைவிட அது ஆழமான கேள்வியாக இருக்கும்.

தமிழர் வாழ்வின் நுணுக்கத்தை ஆட்ட விதியாக்கினால் உலகம் ஏற்காது என்ற தயக்கத்துக்கும் இப்போது இடமில்லை. டொரொன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கிழிந்துபோன குறிப்பேட்டைக் கொண்டு இட்லித் தட்டுகளை ஆவி புகும்படி எப்படி அடுக்குவது என்பதையே புதிராக்கியது. அது 2024இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற விருதைப் பெற்றது.

தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல் முடிந்துவிட்டது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதே ஊரில் வளர்ப்பு முத்தை உருவாக்கியதோடு முத்து ஆய்வுக்கூடத்துக்குள் போயிற்று. ஆனால் ஆங்கிலேய ஆட்சிக்கால அதிகாரிகளான எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் எழுதிய அறிக்கைகள் பார்களையும் சலாப நடைமுறைகளையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன, சங்கு குளிப்போர் இன்றும் அக்கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். கலங்கிய நீரில் எவ்வளவு தூரம் கண் தெரியும், மேலே ஓடும் படகின் ஓசை அடியில் எப்படிக் கேட்கும், மூச்சு முட்டுவதற்கு எவ்வளவு முன்னால் மேலெழ வேண்டும் என்பவற்றை அவர்களிடம் கேட்டறிந்து, அந்த விதிகளை ஓரிடத்திலும் தளர்த்தாமல் கட்டும் குழு ஒன்று தமிழ்நாட்டிலிருந்தே வர வேண்டும்.